குல்மார்க் பனிச்சறுக்கு: "எத்தனை அடி பனி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்

காஷ்மீரின் குல்மார்க்குக்கு ஸ்கீ கற்கக் கிளம்புகிறவர்கள் விடுதிக்குப் போன் போட்டதும் கேட்கும் முதல் கேள்வி, "பனி எத்தனை அடி இருக்கு?" முதல் தடவை நானும் அதைத்தான் கேட்டேன். "நாலு அடி" என்று பதில் வந்தது, உடனே டிக்கெட் போட்டுவிட்டேன். அந்த நாலு அடியை எங்கே நின்று அளந்தார்கள், எப்போது விழுந்த பனி, அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்றெல்லாம் கேட்கத் தெரியவில்லை. அங்கே நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன என்பது மூன்று குளிர்காலம் போய்வந்த பிறகுதான் புரிந்தது.

குல்மார்க்கை ஒரே இடம் என்று நினைப்பது முதல் பிழை. புல்வெளி ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேதான் ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், புதிதாகக் கற்பவர்கள், குழந்தைகள் எல்லாம். கொண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் உங்களை 3,000 மீட்டருக்குச் சற்று மேலே கொங்டூரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோளுக்கு, கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்குக் கொண்டுபோகும். கீழே மழைத்தூறல் விழும் அதே நேரத்தில் மேலே இடுப்பளவு பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஆழத்தைக் கேட்டால் எந்த உயரத்தில் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கேபிள் கார் போகிற இடமெல்லாம் பாதுகாக்கப்பட்ட சறுக்குத்தளம் என்ற நம்பிக்கை. இரண்டாம் கட்டத்தின் உச்சியில், எந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதை என்று எதுவும் கிடையாது. கம்பி வடத்துக்கு நேர் கீழே இருக்கும் கிண்ணம் போன்ற சரிவைத்தான் ரோந்துக் குழு கவனிக்கிறது, தேவைப்பட்டால் வெடி வைத்துப் பனியைத் தள்ளிவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டி மலைமுகட்டில் சில நிமிடம் நடந்தால் நீங்கள் இருப்பது காட்டு மலை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே வெள்ளையாகத்தான் தெரியும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹாபத்குட் பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டு போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். கொண்டோலாவில் ஏறி எட்டக்கூடிய மலைதான் அதுவும்.

சரிவின் கோணத்தைப் பார்க்காமல் விடுவதும் இதோடு சேர்ந்த பிழை. பனியின் மேலடுக்கு பலகை போலப் பிய்த்துக்கொண்டு வருவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையான சரிவுகளில்தான். நன்றாக ஸ்கீ செய்யத் தெரிந்தவர்களுக்குப் பிடித்த சரிவும் அதேதான். போனில் இருக்கும் மட்டப்பலகை செயலியைச் சரிவில் படுக்கவைத்த ஸ்கீக் கோலின் மேல் வைத்தால் கோணம் தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை. நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 15-க்கும் மேற்பட்டோரைப் பனிச்சரிவு கொன்றது. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே அந்தக் கதி என்னும்போது, படம் எடுக்க நிற்கிற குடும்பங்கள் எங்கே நிற்கிறோம் என்று யோசித்தே ஆகவேண்டும்.

இனி பனியின் அடிப்பக்கம். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் ஓர் உள்ளூர் வழிகாட்டி. இரண்டாவது குளிர்காலத்தில், ஓர் அழகான சரிவின் ஓரத்தில் நிறுத்தி, மண்வாரியால் இடுப்பளவுக்குக் குழி வெட்டினார். சுவர் மாதிரி நின்ற வெட்டுமுகத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு மேலிருந்து கீழாக விரலால் குத்திக்கொண்டே வந்தார். மேலே கோதுமை மாவு மாதிரி, முஷ்டியே உள்ளே போயிற்று. அதற்குக் கீழே ஒரு சாண் கனத்துக்கு இறுகிய பனி, விரல் நுழையவில்லை. தரைக்குப் பக்கத்தில் வந்ததும் பனி பொலபொலவென்று உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ரவை மாதிரி தனித்தனி மணிகள். இறுக்கிப் பிடித்தும் ஒட்டவில்லை. பிறகு வெட்டிய தூணின் மேல் மண்வாரியை வைத்துக் கையால் தட்டினார். சில தட்டுகளிலேயே மேல்பகுதி முழுக்க அந்த ரவைமேல் வழுக்கி எங்கள் மடியில் வந்து விழுந்தது. வந்த வழியே திரும்பினோம்.

அந்த ரவை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் ஒரு பெரிய தப்புக்கணக்கு விலகும். பனிக்கு அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்கும். மேலே இரவுக் காற்று அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். பனி மெல்லியதாக இருந்தால் இந்த வேறுபாடு சிறிய தூரத்துக்குள் அடங்கிவிடும். அப்போது நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்கள் ஒட்டாத மணிகளாக மாறிவிடுகின்றன. கனமான பனியில் இது மெதுவாகத்தான் நடக்கும். அதாவது பனி குறைந்த ஆண்டு என்றால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. குறைந்த பனியே பிறகு விழப்போகும் பனிக்கு மோசமான அஸ்திவாரம் ஆகிவிடும்.

2024-ஐ நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் 'சில்லை கலான்' என்ற 40 நாள் கடுங்குளிர்தான் காஷ்மீரில் பனிக்காலத்தின் உயிர்நாடி. அந்த ஆண்டு ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்தது. பிப்ரவரி பிற்பகுதியில் பனி கொட்டித் தீர்த்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள், கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் அங்கே நடந்துகொண்டிருந்தன. பிப்ரவரி 22 அன்று பனிச்சரிவில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் இறந்தார். வறண்ட குளிர், பிறகு திடீர்ச் சுமை: இந்த வரிசையைக் கண்டால் உற்சாகத்தைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாகத் திறக்கும். ஓடிப்போய் வரிசையில் நிற்கத் தோன்றும். விபத்துகளும் அந்த மாதிரி நாட்களில்தான் அதிகம், ஏனென்றால் புதுச் சுமையை அடிப்பனி இன்னும் தாங்கிப் பழகவில்லை. புறப்படும் முன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படியுங்கள். அதில் 1 முதல் 5 வரை நிலைகள் உண்டு. 3 என்று பார்த்ததும் "நடுத்தரம்தானே" என்று கிளம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பரீட்சை மதிப்பெண் போல இதைப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. 4, 5 என்றால் மக்கள் பயந்து உட்கார்ந்துவிடுவார்கள். 3-இல் போகிறார்கள், அதனால் பல நாடுகளில் இறப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையிலேயே நிகழ்கிறது. சரிவில் ஏற்கெனவே நான்கு பேர் போன தடம் இருப்பதும் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஐந்தாவது ஆள் பலவீனமான புள்ளியில் மிதிக்கலாம். காலடியில் "வூம்ப்" என்று பனி உட்காரும் சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, அன்றைக்கு மலை தன் பதிலைச் சொல்லிவிட்டது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். பனி விழாமலே காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டும். குல்மார்க்கில் பனிக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, சறுக்கும் சரிவுகளோ பெரும்பாலும் கிழக்கும் வடகிழக்கும் பார்த்தவை. காற்று கொட்டுவது நம் பக்கம்தான்.

மேகம் மூடிய நாளில் மேலே நிழலே இருக்காது, மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். கீழே மரங்களுக்கிடையில் போவது நல்லது. ஆனால் பனி கனத்திருக்கும்போது தேவதாரு வகை மரங்களின் அடியைச் சுற்றித் தளர்ந்த பனியில் ஒரு குழி மறைந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் வெளியே வருவது கடினம். தனியாகப் போகாதீர்கள்.

மார்ச்சில் நேரம்தான் எல்லாம். காலை எட்டு மணிக்குச் சரிவு கண்ணாடி, புதியவர்கள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அப்போதுதான். வெயில் ஏறியதும் மேல்பகுதி இளகிச் சில மணி நேரம் அருமையாக இருக்கும். பிறகு ஒரு பிடி பனியை எடுத்து இறுக்குங்கள். கொழுக்கட்டை மாவு போல அப்படியே நின்று, விரலிடுக்கில் தண்ணீரும் கசிந்தால் செங்குத்தான சரிவிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்.

ரோந்துக் குழு கவனிக்கும் எல்லையைத் தாண்டுவதென்றால் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வாரி, பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10-15 நிமிடத்துக்குப் பிறகு வேகமாகச் சரிந்துவிடும், கீழிருந்து உதவி வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும். வாடகைக்கு எடுத்த பீக்கனைப் பையில் போட்டு வைக்காதீர்கள், உடம்போடு கட்டி இயக்கி வையுங்கள். போனை அதற்கு 20 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும், தேடும்போது 50.

கடைசியாக, நாட்கள். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குப் பக்கம். அங்கிருந்து ஒரே நாளில் 3,950-க்குப் போனால் தலைவலியும் குமட்டலும் வருவதில் வியப்பில்லை. முதல் நாளைப் புல்வெளியிலேயே கழியுங்கள். காற்று எழுந்தாலோ கனத்த பனி விழுந்தாலோ இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் தொடர்ந்து இரண்டு மூன்று நாள். மூன்றே நாள் விடுப்பில் வந்தவர், திறந்த முதல் மணி நேரத்திலேயே எந்தச் சரிவிலும் இறங்கத் துணிவார். ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.