செட்டிநாட்டில் முதற்பதிப்பு தேடுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து காரைக்குடிப் பக்கம் போகிற நம்மவர்கள் கண்டாங்கிச் சேலை வாங்குவார்கள், ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு விலை கேட்பார்கள். நவீன இலக்கியம் வாசிக்கிற பழக்கம் இருந்தால் கதைப் புத்தகங்களின் முதற்பதிப்பையும் தேடிப் பார்க்கலாம். சென்ற நூற்றாண்டில் தமிழ்ப் பதிப்புத் தொழிலை நடத்தியவர்களில் இந்த வட்டாரத்தார் நிறைய. சக்தி காரியாலயம் வை. கோவிந்தனுக்கு ராயவரம், தமிழ்வாணனுக்குத் தேவகோட்டை. காரைக்குடி 'ஊழியன்' இதழில் புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறார். சொந்தக்காரர் போட்ட புத்தகம், ஆசிரியர் அன்பளிப்பாகக் கொடுத்த பிரதி என்று பல வீடுகளுக்கு நூல்கள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

திருச்சியில் இறங்கினால் புதுக்கோட்டை வழியாகத்தான் வருவீர்கள். அங்கே திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகம் முதற்பதிப்புகளுக்குப் பேர்போனது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். எதையும் வாங்கும் முன் அசலைக் கையில் எடுத்துப் பார்த்த கண் வேண்டும். பழைய தாள் எப்படிப் பழுக்கும், அச்சுக்கோத்து அடித்த எழுத்து தாளின் பின்பக்கத்தில் எப்படிப் புடைத்து நிற்கும் என்பதெல்லாம் செல்போன் படத்தில் தெரியாது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறம்தான் புத்தகத்தின் ஜாதகம். 'முதற்பதிப்பு' என்ற சொல்லை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு உரிமை மாறும்போது, புதிதாகப் போடுகிறவரும் தன்னுடையதை முதற்பதிப்பு என்றே அச்சிடுவது உண்டு. அதனால் மற்ற தடயங்களையும் சேர்த்துப் பாருங்கள். விலை ரூ. 2-8-0 (ரூபாய்-அணா-பைசா) என்று அணாக்கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ந.பை. (நயா பைசா) என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் 'சென்னை-17' என்று மட்டும் இருப்பது பழையது; ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலை முதலில் 1966இல் தமிழ்ப் புத்தகாலயம் வெளியிட்டது. அந்த ஆண்டைப் போட்டு 600 017 என்றும் அச்சிட்ட பிரதியை யாராவது நீட்டினால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எழுத்தும் காட்டிக்கொடுக்கும். லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகு மெல்ல மெல்ல மறைந்தன.

வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்து எடுத்து பைண்டு செய்த கட்டுகளும் கிடைக்கும். கடைக்காரர்கள் இதைப் புத்தகமாகவே மதிப்பதில்லை. என்னைக் கேட்டால் விடக்கூடாத சரக்கு இதுதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு ஒரு கட்டு அகப்பட்டால், அதுதான் அந்தக் கதை முதன்முதலாக வாசகர் கைக்கு வந்த வடிவம். புத்தகப் பதிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கே தேடுவது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் பாத்திரம், தேக்குத் தூண், ரவிவர்மா படம் இவற்றுக்கு நடுவில் புத்தகக் கட்டும் கிடக்கும். சுற்றுலாக்காரர் கண்ணுக்குத் தோல் பைண்டுதான் படும், விலையும் அதற்குத்தான் ஏறும். மெல்லிய சிறுகதைத் தொகுப்பை யாரும் சீந்துவதில்லை. உங்களுக்கு அது நல்லதுதான்.

வீடுகளில் தேடுவது வேறு கதை. பெரிய வளவு வீடு (நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடு) ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், சாவி காவல்காரரிடம் இருக்கும். அவருக்குப் பணம் கொடுத்து அறையைத் திறக்கச் சொல்வது திருட்டுக்குச் சமம். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) என்று பங்காளிகள் கூடும்போது உள்ளூர் நண்பர் யாராவது அழைத்துப் போனால், முகப்பில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கலாம். "ஆச்சி, பழைய கதைப் புத்தகம் ஏதும் கிடக்கா?" என்றால், "போன வருசம்தான் எடைக்குப் போட்டோம் தம்பி" என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். கொடுத்தால், எந்த ஊர், எந்த வீடு, யார் கொடுத்தது, என்ன தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பங்காளிச் சண்டை வராது, புத்தகத்துக்கும் ஒரு வரலாறு கூடவே வரும்.

அழுக்கில்லாத, பெயர் எழுதாத பிரதிதான் உசத்தி என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது என்பது என் கட்சி. ரங்கூன் கடை முத்திரை, பினாங்கு விலாசம், கல்யாணப் பரிசு என்று எழுதிய வரி, இவையெல்லாம் அந்தப் பிரதி கடல் தாண்டிப் போய்த் திரும்பிய தடம். அழிப்பானைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு மட்டும் சந்தேகக் கண்ணோடு இருங்கள். சில நூல்களில் ஆசிரியர் கையெழுத்தையே பிளாக் (அச்சுக்கட்டை) செய்து அச்சடித்திருப்பார்கள். சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: பேனா மை தாளில் ஊறி, கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும், அச்சு சீராக இருக்கும். தேதிக் கணக்கும் போடுங்கள். புதுமைப்பித்தன் 1948இலும் கல்கி 1954இலும் கண்ணதாசன் 1981இலும் காலமானார்கள். அதற்குப் பிறகு வந்த பதிப்பில் அவர்கள் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்? 1940 என்று தேதியிட்ட பால்பாயின்ட் பேனாக் கையெழுத்தும் அதே ரகம்தான்.

நீங்கள் இருக்கும் நாட்டுக்குக் கொண்டுபோவதில் ஒரு சட்டச் சங்கதி உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளையும், 75 ஆண்டு கடந்த இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணங்களையும் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அறுபதுகளின் நாவல்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதோடு பழைய கடிதக் கட்டையோ ஓலைச்சுவடியையோ யாராவது சேர்த்துத் தந்தால் பெட்டியில் வைக்காதீர்கள். வயதில் சந்தேகம் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொள்ளலாம்.

புத்தகங்களைக் கைப்பையில் வையுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் அதைவிட மோசம். வீட்டுக்குப் போனதும் மற்ற புத்தகங்களோடு உடனே அடுக்கிவிடாதீர்கள், தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி கூடவே வந்திருக்கும். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு, குளிர் முழுக்க விட்ட மறுநாள் பையைப் பிரித்தால் போதும்.