பனிக்கோளில் வெப்பமே உயிர்: ‘லாஸ்ட் பிளானட்’ ஆடும் முறை

கேப்காம் நிறுவனம் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானட்: எக்ஸ்ட்ரீம் கண்டிஷன்’ என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டு 2006 டிசம்பரில் ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு வெளிவந்தது, மற்ற நாடுகளுக்கு அடுத்த மாதமே வந்தது. 2007 ஜூனில் விண்டோஸுக்கும் 2008 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 3க்கும் வந்து சேர்ந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை முதன்முறையாக எடுத்து ஆடுவோர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் இரண்டு மிஷன்களுக்குள்ளேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். ஆட்டம் கடினம் என்பது அதற்குக் காரணமன்று. மற்ற துப்பாக்கி விளையாட்டுகளில் பழகிய கை, சுவரோரம் பதுங்கிக் காயம் ஆறும்வரை காத்திருக்கப் பார்க்கிறது. இந்த ஆட்டத்திலோ சும்மா நின்றாலே உயிர் கரையத் தொடங்கிவிடும்.

கதை நடக்கும் கோளின் பெயர் இ.டி.என். 3. எங்கு பார்த்தாலும் உறைபனி. அங்குக் குடியேற வந்த மனிதர்களை அக்ரிட் எனப்படும் உயிரினங்கள் விரட்டியடிக்கின்றன. அந்த உயிரினங்கள் தங்கள் உடலுக்குள் வெப்ப ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மனிதர்கள் உயிர்வாழத் தேவையானதும் அதே ஆற்றல்தான். நாம் ஆடும் பாத்திரமான வெய்ன் ஹோல்டன், ‘கிரீன் ஐ’ என்ற பேருருவ அக்ரிட்டிடம் தந்தையைப் பறிகொடுத்தவன். வெய்னின் முகம் தென்கொரிய நடிகர் லீ பியுங்-ஹுன்னின் முகத்தைப் பார்த்து வடிக்கப்பட்டது. கதையைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியை ஆட்டமே சொல்லும், சில இடங்களில் தேவைக்கு மேலாகவே சொல்லும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, திரையில் உயிர்ப்பட்டையோடு சேர்ந்து காட்டப்படும் வெப்ப ஆற்றலின் எண். நீங்கள் ஓடினாலும் நின்றாலும், எதிரியே இல்லாத இடத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். அடி படும்போது வெய்னின் கையில் பொருத்தப்பட்ட ஹார்மனைசர் என்ற கருவி அந்த ஆற்றலை எடுத்து உயிர்ப்பட்டையைத் தானாகவே நிரப்புகிறது. எனவே ஒவ்வொரு காயமும் உங்கள் வெப்பக் கையிருப்பிலிருந்து கழிகிற செலவுதான். எண் சுழியத்தைத் தொட்டுவிட்டால் அதன்பின் குறைவது உயிரே. ஆகவே ஒரு சண்டையில் இறங்கும் முன் ‘இதை வெல்ல முடியுமா’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இதில் செலவாவதைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்குமா’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதன்முதலாக ஆடியபோது முழு உயிர்ப்பட்டையோடு ஒரு மூலையில் பத்திரமாக நின்று, எதிரிகள் வரட்டும் என்று காத்திருந்து, ஒரு தோட்டாகூடப் படாமல் செத்துப்போனேன். அந்த ஒரு சாவு கற்றுக்கொடுத்ததை வேறெந்த விளக்கமும் கற்றுக்கொடுத்திருக்காது.

வரவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அக்ரிட் செத்தவுடன் அதன் உடல் உறைந்து நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் ஆற்றல் சிந்திக் கிடக்கும். அதன் மேல் நடந்தாலே கையிருப்பில் சேர்ந்துவிடும். ஆனால் அது நெடுநேரம் அங்கே கிடக்காது. தொலைவிலிருந்தே பத்து அக்ரிட்களைச் சுட்டு வீழ்த்திவிட்டுப் பிறகு நிதானமாகப் போய்ச் சேகரிக்கலாம் என்று நினைத்தால் வெறும் பனிதான் மிஞ்சும். சிறிய அக்ரிட்களைப் பொறுத்தவரை அவற்றை நோக்கி முன்னேறிக்கொண்டே சுடுவது நல்லது. சாகிறது, நொறுங்குகிறது, அதே ஓட்டத்தில் அதன் மேல் கடந்து போகிறீர்கள். வழியில் நிற்கும் பீப்பாய்கள், எரிபொருள் தொட்டிகள், கைவிடப்பட்ட இயந்திரங்கள் ஆகியவற்றையும் உடைத்துப் பாருங்கள். பலவற்றுக்குள் ஆற்றல் உண்டு. எண் நிறைந்திருக்கும்போது அவற்றை உடைக்காமல் விட்டு வைத்து, ஒரு பெரிய சண்டைக்குப் பின் திரும்பி வந்து உடைப்பது சிக்கனம் தெரிந்த ஆட்டம்.

சில இடங்களில் சிறு அக்ரிட்கள் கூடுகளிலிருந்து விடாமல் வெளிவந்துகொண்டே இருக்கும். கூட்டை உடைத்தால்தான் வரத்து நிற்கும். ஆற்றல் குறைவாக இருந்தால் உடனே உடைத்துவிடாதீர்கள். வருபவற்றைக் கொன்று தேவையான அளவு சேர்த்துக்கொண்டு, பின்பு கையெறி குண்டால் கூட்டை அழியுங்கள். தோட்டா தீரும் அளவுக்கு இதை நீட்டிக்கொண்டே போனால் லாபம் நட்டமாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு மிஷனிலும் பாதையோரம் டேட்டா போஸ்ட் எனப்படும் கம்பங்கள் நிற்கின்றன. அருகில் போய், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் பி பொத்தானை விடாமல் அழுத்தி அழுத்தி விட்டால் அது இயங்கத் தொடங்கும்; வெப்ப ஆற்றலும் கிடைக்கும், ரேடாரில் சுற்றுப்புறமும் தெரியவரும். அதை இயக்கும் சில நொடிகள் உங்களால் சுட முடியாது. ஆகவே பக்கத்தில் எதிரி இருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள். அதே சமயம், ஓர் இடத்தைத் துடைத்து முடித்த பிறகு கம்பத்தை இயக்காமல் தாண்டிப் போவதும் தவறு. எனக்குத் தெரிந்த நல்ல முறை, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரையிலான தூரத்தை ஒரு பயணமாகக் கருதி அதற்குத் தகுந்தபடி ஆற்றலைச் செலவிடுவதுதான்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கிகளைத்தான் சுமக்க முடியும். மெஷின் கன்னின் அடி லேசானது என்றாலும் அதற்குத் தோட்டா எங்கும் கிடைக்கும். அதைக் கையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, இரண்டாவது இடத்தைச் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது பெரும்பாலான மிஷன்களுக்குப் பொருந்தும். குகைக்குள் ஷாட்கன், திறந்த பனிவெளியில் ரைஃபிள், எதிரில், ஆள் உள்ளே ஏறி ஓட்டும் இயந்திரக் கவசம் வந்தால் ராக்கெட் லாஞ்சர். கையெறி குண்டுகளில் ஒட்டிக்கொண்டு வெடிக்கும் கம் வகை, பெரிய அக்ரிட்டின் உடலில் குறிப்பிட்ட இடத்தைத் தாக்க உதவும். டிஸ்க் வகை வளைந்து விழாமல் நேராகப் பறந்து போகும்.

நங்கூரக் கயிற்றைப் புதியவர்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். எக்ஸ் பொத்தானை அழுத்தினால் வெய்னின் கையிலிருந்து கொக்கி பாய்ந்து சுவரையோ பாறையையோ பற்றும். அவன் அதை நோக்கி இழுத்துச் செல்லப்படுவான். ஆழமான பனியில் காலை இழுத்து இழுத்து நடப்பதால் வீணாகும் வெப்பத்தை இந்தக் கயிறு மிச்சப்படுத்தும். சுற்றிச் சூழப்படும்போது மாடிக்குத் தப்பிக்கவும் உதவும். தரையில் நின்று குறிவைத்து ஏவப் பழகுங்கள். புதிய இடத்துக்குள் நுழைந்ததும் எதிரி எங்கே என்று தேடுவதற்கு முன், கொக்கி மாட்டக்கூடிய விளிம்பு எங்கே என்று ஒரு முறை மேலே பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். கன்ட்ரோலரின் மேல்விளிம்பில் உள்ள இரு பொத்தான்கள் வெய்னை இடமாகவோ வலமாகவோ சட்டென 90 பாகை திருப்பும். அவன் திரும்பும் வேகம் இயல்பாகவே மந்தமானது. இந்தப் பொத்தான்களைப் பயன்படுத்தாமல் ஆடுபவர்கள் முதுகில் அடி வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

அக்ரிட்களைக் கொல்வதில் ஒரே விதிதான் உண்டு: செம்மஞ்சளாக ஒளிரும் இடத்தைச் சுட வேண்டும். மற்ற இடங்களில் எவ்வளவு சுட்டாலும் ஓட்டில் பட்டுத் தெறிப்பதோடு சரி. இதைச் சொல்வது எளிது. செய்வது எப்படி என்பதை டோங்கோ என்னும் வகையை வைத்துப் பார்க்கலாம். அது கனத்த ஓடு கொண்ட பெரிய பிராணி. உடலைச் சுருட்டிக்கொண்டு வண்டிச் சக்கரம் போல உருண்டு உங்கள் மேல் வரும். ஒளிரும் இடம் வாலில் இருக்கிறது, அதாவது அது உங்களை நோக்கியிருக்கும் வரை உங்கள் கண்ணில் படாத பக்கத்தில். முன்னால் நின்று தோட்டாவை வீணாக்காதீர்கள். அது சுருளத் தொடங்குவதைக் கண்டதும், உருண்டு வரும் கோட்டுக்குக் குறுக்காக விலகிப் போங்கள். பின்னோக்கி ஓடினால் அது உங்களை எட்டிவிடும். அது உங்களைக் கடந்து போய் நின்று, உடலை விரித்து, மெல்லத் திரும்ப முயலும் அந்த இடைவெளியில் வால் முழுதாகத் தெரியும். அப்போது அருகில் ஓடிப் போய் ஷாட்கன்னால் இரண்டு மூன்று முறை சுட்டுவிட்டு, அது திரும்பி முடிக்கும் முன் மீண்டும் பக்கவாட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்தச் சுற்றைப் பதற்றமின்றி இரண்டொரு முறை செய்தால் அது உறைந்து நொறுங்கும். விலகு, கடந்து போக விடு, பின்னாலிருந்து அடி என்ற இந்த அசைவு இன்னும் பல பெரிய அக்ரிட்களிடமும் செல்லுபடியாகும்.

மனித எதிரிகளான பனிக் கொள்ளையரும் நெவெக் என்ற நிறுவனத்தின் படையினரும் வேறு வகைத் தொல்லை. ராக்கெட் வெடிப்பில் சிக்கினால் வெய்ன் தூக்கி எறியப்படுவான். எழுந்து நிற்கும்வரை கட்டுப்பாடு உங்கள் கையில் இராது, எழுந்த நொடியில் அடுத்த ராக்கெட்டும் வந்து விழலாம். ஆட்டத்தின் மிக எரிச்சலூட்டும் அம்சம் இதுவே என்பது என் கருத்து. வடிவமைத்தவர்கள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம். தளர்த்தாத நிலையில் நாம் செய்யக்கூடியது, ஒரு கும்பலைக் கண்டதும் ராக்கெட் லாஞ்சர் வைத்திருப்பவன் எவன் என்று ரைஃபிளின் கண்ணாடி வழியாகத் தேடி அவனை முதலில் வீழ்த்துவதுதான். மற்றவர்களின் தோட்டாக்களை ஹார்மனைசர் தாங்கிக்கொள்ளும்.

வைட்டல் சூட் என்று பெயர் பெற்ற, சுருக்கமாக வி.எஸ். எனப்படும் இயந்திரக் கவசங்கள் இந்த விளையாட்டின் பெருமை. உள்ளே ஏறி அமர்ந்ததும் இரு பக்க ஆயுதங்களும் தனித்தனியாக உங்கள் விரலுக்கு அடங்கும்: இடது விசை இடப்பக்க ஆயுதத்துக்கு, வலது விசை வலப்பக்க ஆயுதத்துக்கு. கேட்லிங் கன் ஒரு பக்கமும் ராக்கெட் மறுபக்கமுமாக இருந்தால், முதலாவதால் சில்லறைகளை அகற்றிக்கொண்டே இரண்டாவதைப் பெரிய இலக்குக்குச் சேமிக்கலாம். ஆனால் கவசத்துக்குள் இருக்கும்போது வெப்பம் இன்னும் வேகமாகக் கரையும். எதிரியற்ற நீண்ட பாதையை வி.எஸ்.ஸில் உலா வந்து கடப்பது ஊதாரித்தனம். கவசம் அடி தாங்காமல் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்தால், கடைசி ஒரு குண்டைச் சுட்டுவிட்டு இறங்கலாம் என்று ஆசைப்படாமல் உடனே வெளியே குதித்து விலகிவிட வேண்டும்.

ஏறி ஓட்டுவதோடு வி.எஸ்.ஸின் பயன் முடிந்துவிடுவதில்லை. அதில் பொருத்தப்பட்ட ஆயுதத்தைக் கழற்றி வெய்ன் தன் கைகளிலேயே தூக்கிச் செல்லலாம். நடை மந்தமாகும் என்றாலும், கவசம் நுழைய முடியாத இடத்துக்குள் ஒரு கேட்லிங் கன்னோடு போவது எதிரிகள் எதிர்பாராத வலிமை. தரையில் கிடக்கும் வி.எஸ். ஆயுதத்தை உங்கள் கவசத்தில் மாட்டிக்கொள்ளவும் முடியும். ஆகவே தோட்டா தீர்ந்த ஆயுதத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், விழுந்த எதிரிக் கவசங்களின் அருகே என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

மிஷன் இறுதியில் வரும் பேருருவ எதிரிகளிடம் அவசரம் உதவாது. சண்டை தொடங்கியதும் முதல் அரை நிமிடத்தைச் சுடுவதற்குச் செலவிடாமல், அந்தக் களத்தில் எங்கெங்கே ஆயுதம் கிடக்கிறது, எந்த மூலையில் ஆற்றல் உள்ள தொட்டிகள் நிற்கின்றன, ஏறிக்கொள்ள வி.எஸ். உண்டா என்று ஓடிப் பார்த்துவிடுங்கள். பெரிய உடலில் ஒளிரும் இடங்கள் பல இருந்தால், கால் மூட்டுகளில் உள்ளவற்றை முதலில் தாக்குவது பெரும்பாலும் பயன் தரும். எதிரியின் நடமாட்டம் குறைவதோடு, சிந்தும் ஆற்றல் உங்கள் சண்டையை நீட்டிக்கவும் உதவும். தொட்டிகள் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே உடைத்துத் தின்றுவிட்டால் பிற்பாதியில் கை விரிக்க வேண்டியதுதான்.

கதை மொத்தம் 11 மிஷன்கள் கொண்டது. முதல் ஆட்டத்தை நார்மல் நிலையில் ஆடுவதே சரி. ஈஸி நிலையில் வெப்பக் கணக்கைப் பொருட்படுத்தாமலேயே பெரும்பாலும் தப்பிவிடலாம் என்பதால் ஆட்டத்தின் சுவையே பிடிபடாது. மறைவான இடங்களில் வைக்கப்பட்டுள்ள டார்கெட் மார்க் எனப்படும், சுட்டுச் சேகரிக்கும் குறிகளை முதல் சுற்றிலேயே தேடி அலைய வேண்டாம். கூரைகளின் மேலும் பாறை இடுக்குகளிலும் அவை இருக்கும். கண்ணில் பட்டால் சுடுங்கள், படாவிட்டால் வெப்பத்தைச் செலவழித்துத் தேடாமல் அடுத்த சுற்றுக்கு விட்டுவிடுங்கள்.

இறுதி மிஷனில் எல்பி-9999 என்ற வி.எஸ்.ஸைப் பறக்க வைத்துச் சண்டையிட வேண்டியிருக்கும். அதுவரை தரையில் பழகிய கை அங்கே தடுமாறும். உயரத்தைக் கூட்டுவது எது, குறைப்பது எது, வாள் வீச எவ்வளவு நெருங்க வேண்டும் என்பவற்றை எதிரியிடமிருந்து தள்ளி நின்று ஓரிரு சுற்று பறந்து பழகிக்கொண்டு, அதன் பிறகு நெருங்குங்கள். அந்தப் பழக்கத்துக்குச் செலவாகும் வெப்பம் மட்டும் வீண் செலவில் சேராது.