ஜாவா புரோகிராம் ஐடிஈல (கோடு எழுதற ஆப்ல) ஓடுது, பில்ட் ஸ்கிரிப்ட்ல மட்டும் "மெயின் கிளாஸ் கிடைக்கல"ன்னு வருதா?

ரெண்டு நாளா இதுல மாட்டிக்கிட்டு நேத்துதான் வெளிய வந்தேன், மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடறேன். ஜார் ஃபைல்னா என்ன, ஷெல் ஸ்கிரிப்ட் எப்படி ஓட்டறதுன்னு தெரிஞ்சவங்களுக்குதான் இது.

முதல்ல எரரை முழுசா படிங்க. கிளாஸ்நாட்ஃபவுண்ட் எக்செப்ஷன்னா அந்தப் பேர்ல தேடிப் பாத்து கிடைக்கலன்னு அர்த்தம். நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் எரர் அப்படி இல்ல, கம்பைல் பண்ணும்போது இருந்த கிளாஸ் ஓட்டும்போது காணாமப் போயிருக்கும், இல்லன்னா அதோட ஸ்டாட்டிக் பிளாக் (கிளாஸை முதல்தடவை பயன்படுத்தும்போது ஓடற கோடு) ஏற்கனவே ஃபெயில் ஆயிருக்கும். ஸ்டாட்டிக் பிளாக்தான் காரணம்னா கிளாஸ்பாத்தை (கிளாஸ்களை எங்கெங்க தேடணும்னு ஜாவாவுக்குக் குடுக்கற பட்டியலை) எவ்வளவு நோண்டினாலும் பிரயோஜனம் இல்ல, லாக்ல மேல போய் முதல் எரரைத் தேடுங்க.

அடுத்து கிளாஸ்பாத்ல குடுக்கற ஃபோல்டர். கிளாஸ் ஃபைல் கிடக்கிற ஃபோல்டரைக் குடுக்காதீங்க, பேக்கேஜ் ஃபோல்டர் எதுக்குள்ள ஆரம்பிக்குதோ அதைக் குடுங்க, மெயின் கிளாஸுக்கு பேக்கேஜோட சேத்து முழுப் பேர் போடுங்க. லினக்ஸ், மேக்ல பாத்களுக்கு நடுவுல கோலன், விண்டோஸ்ல செமிகோலன்.

இப்ப என்னை ரெண்டு நாள் நிறுத்தி வச்ச இடம். லிப் ஃபோல்டர்ல இருக்கற எல்லா ஜாரையும் எடுத்துக்கன்னு சொல்ல லிப், ஸ்லாஷ், ஸ்டார்னு குடுக்கலாம், ஜாவா 6ல இருந்தே இது இருக்கு. ஆனா அதைச் சுத்தி டபுள் கோட்ஸ் போடாம விட்டா அந்த ஸ்டாரை ஜாவா பாக்கறதுக்கு முன்னாடியே ஷெல் ஃபைல் பேர்களா விரிச்சிடும், அப்ப முதல் ஜார் மட்டும் கிளாஸ்பாத்தா போகும், ரெண்டாவது ஜாரோட பேரை மெயின் கிளாஸ்னு எடுத்துக்கிட்டு ஜாவா தேட ஆரம்பிச்சிடும். எனக்கு இத்தனை நாள் எப்படி ஓடுச்சுன்னா லிப்ல ஒரே ஒரு ஜார்தான் இருந்துச்சு, ரெண்டாவது லைப்ரரி சேத்த அன்னிக்கு உடைஞ்சுது! வேரியபிள்ல போட்டு வச்சாலும் அதைக் கூப்பிடற இடத்துலயும் டபுள் கோட்ஸ் வேணும், அசைன் பண்ற இடத்துல மட்டும் போட்டா பத்தாது. இன்னொண்ணு, ஸ்டாருக்குப் பின்னாடி டாட் ஜார்னு போடாதீங்க, ஜாவாவுக்கு அது புரியாது. உள்ஃபோல்டர்ல இருக்கற ஜாரையும் ஸ்டார் எடுக்காது, தனியா குடுக்கணும்.

இதைக் கண்ணால பாக்கணும்னா ஸ்கிரிப்ட் மேல செட் மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டுங்க, ஷெல் விரிச்ச அப்புறம் ஜாவாவுக்கு உண்மையில என்ன போச்சுன்னு ஸ்கிரீன்ல வந்துடும். எரரைப் படிச்ச உடனே நான் செய்யச் சொல்றது இதைத்தான். ஒரே கிளாஸ் ரெண்டு ஜார்ல இருக்கோன்னு சந்தேகமா இருந்தா வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷன், எது எந்த ஜார்ல இருந்து லோடு ஆச்சுன்னு காட்டும்.

கிளாஸ்பாத் என்வரான்மென்ட் வேரியபிள் தயவுசெஞ்சு வேண்டாம். உங்க மெஷின்ல ஓடும், கிரான்ல (குறிச்ச நேரத்துல ஸ்கிரிப்ட்டைத் தானா ஓட்டறது) ஓடாது. ஸ்கிரிப்ட்லயே கிளாஸ்பாத்தைச் சொல்ற மைனஸ் சிபி ஆப்ஷன் குடுங்க, அதைக் குடுத்துட்டா அந்த வேரியபிளை ஜாவா பாக்கவே பாக்காது. பாத்தையும் ஸ்கிரிப்ட் இருக்கற ஃபோல்டர்ல இருந்து கணக்குப் போட்டுக் குடுங்க.

பின்சேர்க்கை: இதைப் படிச்ச ஒருத்தர் சிபி குடுத்தும் வேலை செய்யலன்னாங்க. கமாண்டைக் கேட்டு வாங்கிப் பாத்தா மைனஸ் ஜார் ஆப்ஷனோட ஓட்டியிருக்காங்க. அது இருந்தா சிபியை ஜாவா கண்டுக்கவே கண்டுக்காது, அந்த ஜாரோட மேனிஃபெஸ்ட்ல (ஜாருக்குள்ள அதைப் பத்தின விவரம் இருக்கற ஃபைல்ல) கிளாஸ்பாத் வரி என்ன சொல்லுதோ அதான். அந்த வரியில பாத்களுக்கு நடுவுல கோலன் இல்ல, ஸ்பேஸ். ஸ்டாரும் அங்க செல்லாது, ஒவ்வொரு ஜாரையும் பேர் சொல்லி எழுதணும்.