கூரைக்குத் தெர்மாகோல்: கடற்கரை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் அருகே பாம்பனிலும் மண்டபத்திலும் தெர்மாகோலை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐஸ் போட்டு மீன் அடுக்கி வெளியூருக்கு அனுப்பும் வெள்ளைப் பெட்டி அதுதான். அதன் பருமனில் சுமார் 98 விழுக்காடு வெறும் காற்று. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் அந்தக் காற்றை அசையவிடாமல் அடைத்து வைத்திருப்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. ஐந்து செ.மீ. தெர்மாகோல் பலகை தடுக்கும் வெப்பத்தைத் தடுக்கக் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கனம் வேண்டும்.

இதைக் கேட்டதும் பலரும் வீட்டுக் கூரைக்குப் பலகை வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். வெயில் மட்டுமே பகை என்றால் அது போதும். நம் கரையில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வருகின்றன. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மறந்ததால் வந்தவை.

முதல் தவறு, பலகையைக் கான்கிரீட் கூரைத் தளத்துக்கு அடியில் ஒட்டுவது. என் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். வேலை எளிது, செலவு குறைவு என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், நானும் சம்மதித்தேன். முதல் கோடையில் அறை நன்றாகவே இருந்தது. நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில் ஃபால்ஸ் சீலிங் ஓரிடத்தில் தொய்ந்தது. பிரித்துப் பார்த்தால், தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து, கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட் சில்லு சில்லாகப் பலகையின் மேல் கிடந்தது. கசிவு தொடங்கிய நாளிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஈரக்கறையைத் தெர்மாகோல் இத்தனை காலம் மறைத்துவிட்டது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் வேகம் கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் இருப்பதைவிட அதிகம். அதனால் தளத்தின் அடிப்பக்கம் கண் பார்க்கும்படி இருப்பது இங்கே பெரிய பாதுகாப்பு.

அடியில் ஒட்டினால் இன்னொரு கேடும் உண்டு. தளம் முழு வெயிலையும் வாங்கி விரிந்து, இரவில் சுருங்குகிறது. நாள்தோறும் இது நடந்தால் விரிசல் விழும், விரிசல் வழியாக உப்புநீர் இறங்கும். பலகையை மொட்டைமாடியில், தளத்துக்கு மேலே பதித்தால் தளமே நிழலில் இருக்கும். நம் பழைய கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு அதன்மேல் தட்டை ஓடு பதித்ததும் தளத்துக்கு மேலேதான்.

மேலே பதிப்பதிலும் பொருளைப் பார்த்து வாங்க வேண்டும். மணி மணியாகத் தெரியும் சாதாரணத் தெர்மாகோலில் மணிகளுக்கு இடையே நீர் மெல்ல ஊறும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 24 மடங்கு வெப்பம் கடத்தும், எனவே ஊறிய பலகையால் பயன் குறைந்துவிடும். அதை வைத்தால் நீர்த்தடுப்புப் பூச்சு பலகைக்கு மேலே வர வேண்டும். எக்ஸ்பிஎஸ் எனப்படும், மணி தெரியாத அழுத்தமான பலகை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதனால் அதைப் பூச்சுக்கு மேலேயே வைக்கலாம். ஆனால் எந்தப் பலகையும் மிதக்கும், பறக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேலே கான்கிரீட் பூச்சோ கனமான ஓடோ போடாமல் பலகையை விட்டுவைக்கக் கூடாது.

கனத்தை மட்டும் கேட்டு அடர்த்தியைக் கேட்காமல் வாங்குவது அடுத்த தவறு. கட்டட வேலைக்கான தெர்மாகோலுக்கு ஐஎஸ் 4671 என்ற தரக்குறியீடு இருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 5 செ.மீ. கனம் உள்ள பலகை அரைக் கிலோ இருந்தால் அதன் அடர்த்தி கனமீட்டருக்கு 20 கிலோ. மீன் நிறுக்கும் தராசிலேயே சரிபார்த்துவிடலாம். நடமாட்டம் உள்ள மாடிக்கு அதற்கும் மேலான அடர்த்தியே நல்லது. பழைய மீன் பெட்டிகளை உடைத்துச் சீலிங்குக்கு மேல் பரப்பியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். உப்பும் வாடையும் எறும்பும் அதோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

தீ விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். தெர்மாகோல் எரிந்தால் உருகிச் சொட்டும், கரும்புகை அறையை நிரப்பும். தீத்தடுப்பு வகையாக இருந்தாலும் அறைக்குள் வெறுமையாக விடக் கூடாது, பூச்சாலோ ஜிப்சம் பலகையாலோ மூட வேண்டும். சமையலறையிலும் கீற்றுக் கொட்டகையிலும் அது வேண்டவே வேண்டாம். தகரக் கூரையின் அடியில் ஒட்டவைப்பதும் சரியல்ல. பங்குனி, சித்திரை நண்பகலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும், தெர்மாகோலோ சுமார் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அங்கே கிளாஸ் வூல் எனப்படும் கண்ணாடி இழைப் பஞ்சு பொருத்தமானது. ஆனால் அதுவும் நனையக் கூடாது.

பிவிசி வயரைத் தெர்மாகோலோடு தொட்டபடி விடுவது பலருக்குத் தெரியாத ஆபத்து. வயரின் உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லத் தெர்மாகோலுக்குள் போய்விடும். உறை காய்ந்து வெடிக்கும். வயரைக் குழாய்க்குள் விட்டால் போதும். தின்னர் கலந்த ரப்பர் பசையும் ஆகாது, அது பலகையையே கரைத்துக் குழியாக்கிவிடும்.

ஏசி அறைச் சுவருக்குப் பலகை பதிப்பவர்கள் குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து ஈரத்தடுப்புத் தாளை உட்பக்கம் வைக்கிறார்கள். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே கடல்காற்றின் ஈரம் வெளியிலிருந்து குளிர்ந்த அறையை நோக்கி வருகிறது. தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவருக்குள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

வெட்டும்போது ரம்பத்துக்குப் பதில் சூடான கம்பியால் அறுக்கச் சொல்லுங்கள். மணிகள் காற்றில் பறந்து மன்னார் வளைகுடாவில் போய் விழுவதை ஓரளவு தடுக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து மாசி வரை பொறுத்திருந்து வேலையைத் தொடங்குவது நல்லது. ஈரம் குடித்த தளத்தை மேலே மூடினால் அந்த ஈரம் உள்ளேயே கிடக்கும். மாடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் சில வாரம் காயவிட வேண்டும்.