அடைத்த பல்லை மறப்பதும் தவறு, அவசரப்பட்டுத் தோண்டுவதும் தவறு

சொத்தையை எடுத்து அடைத்த பல்லைப் பலரும் அப்படியே மறந்துவிடுகிறார்கள். வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் இதில் பெரிய தவறு. வலிக்கும் நேரத்தில் காரியம் பெரும்பாலும் கைமீறியிருக்கும்.

ஃபில்லிங் அதிகம் கெடுவது பல்லோடு அது சேரும் ஓரத்தில்தான். வெள்ளை ஃபில்லிங்கை நீல ஒளி காட்டி இறுகவைக்கும்போதே அது லேசாகச் சுருங்கும். அப்புறம் வருடக்கணக்கில் மெல்லும் அழுத்தம், காபியின் சூடு, ஐஸ்கிரீமின் குளிர். ஒட்டு தளர்ந்து, இடுக்கில் அழுக்கும் கிருமியும் தங்கி, அடியில் புதிதாகச் சொத்தை பிடிக்கிறது. அதுவும் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, ஈறை ஒட்டிய ஓரத்தில் ஆரம்பித்தால் கண்ணாடியில் தெரியாது, நாக்குக்கும் எட்டாது. பல்லிடுக்கைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரேயில்தான் அகப்படும். இதைத் தள்ளிப்போட்டால் சாதாரண அடைப்போடு முடிய வேண்டியது, பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ரூட் கேனல், பல்லின்மேல் மாட்டும் உறையான கேப் என்று நீளும்.

வலிக்கு முன்பே சில அறிகுறிகள் வரும். முன்பெல்லாம் சிக்காத இடத்தில் கீரையோ கறி நாரோ தினமும் மாட்டும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் அந்த ஓர் இடத்தில் மட்டும் பிரிபிரியாகக் கிழிந்து வரும். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுருக்கென்றால் பல்லிலேயே விரிசல் இருக்கலாம். அதை நாள் கடத்தவே கூடாது.

இன்னொரு பக்கம், பழசாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஃபில்லிங்கை மாற்றுபவர்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஒவ்வொரு முறை தோண்டும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. குழி பெரிதாகி, சுற்றுச்சுவர் மெலிந்து, கடைசியில் பல்லே உடைகிறது. ஓரம் கறுத்தாலே சொத்தை என்றில்லை. டீ, காபி, வெற்றிலை பாக்குக் கறையாக இருந்தால் பாலிஷ் போதும். சின்ன மூலை பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து புதிதாகச் சேர்க்கலாம். முழுதாக மாற்றுவது ஃபில்லிங் ஆடினாலோ, பெரும்பகுதி உடைந்தாலோ, அடியில் சொத்தை பரவியிருந்தாலோதான். “ரிப்பேர் செய்தால் போதாதா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

வெள்ளி ஃபில்லிங்கைக் கண்டு பயப்படுவதும் இப்போது கூடியிருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவ அவசியம் இருந்தாலொழிய புதிதாக அதை வைக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டது. ஆனால் ஏற்கனவே வாயில் நல்ல நிலையில் இருப்பதை, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் சொன்னது. குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும்.

ரூட் கேனலின்போது வைக்கும் தற்காலிக ஃபில்லிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. வலி நின்றதும் மறுபடி போவதில்லை. அந்தப் பூச்சு சீக்கிரமே தேயும், கசியும். சுத்தம் செய்த வேர்க்குழாயில் மறுபடி கிருமி ஏறும்.

சரி, ஃபில்லிங் திடீரென்று கழன்று விழுந்தால்? கடையில் விற்கும் பசையை வைத்து ஒட்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, மறுபக்கம் மென்று, வலியே இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் டாக்டரிடம் போய்விடுங்கள்.