சிபாப் போடுகிறவர்கள் மூக்கு விஷயத்தில் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் போன மாதம் சிபாப் மெஷின் வாங்கினார். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் மெஷின் அது. பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். மெஷின் பீரோ மேல் ஏறிவிட்டது. தலைமாட்டில் மூக்குச் சொட்டு மருந்து பாட்டில். "இதைப் போட்டாத்தான் மூச்சே விட முடியுது தம்பி, இப்போ இதுவும் கேட்க மாட்டேங்குது" என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாஸ்க்கைக் கழுவுவது, வாரை அளவாக இறுக்குவது எல்லாம் மெஷின் விற்பவரே சொல்லிக்கொடுப்பார். மூக்கைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

ராத்திரிதோறும் சொட்டு மருந்து

சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று பாட்டிலில் போட்டிருக்கும். மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் வழி விடும். சளி பிடித்தால் 3 நாள், மிஞ்சினால் 5 நாள் போடலாம். அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட அதிகமாக வீங்கும். அடைப்புக்குப் போட்ட மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஸ்லீப் ஆப்னியா உள்ள பலருக்கு ரத்த அழுத்தமும் இருக்கும்; அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எனக்கு ஸ்லீப் ஸ்டடியில், அதாவது தூக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் பரிசோதனையில், மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்பட்டது. 30 தாண்டினாலே தீவிரம். மெஷின் போட்ட முதல் வாரமே மூக்கு அடைத்தது. மருந்துக் கடையில் சீட்டு கேட்காமல் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அன்று நன்றாகத் தூங்கினேன். அப்புறம் ஏழு மாதம் அதை விடவே முடியவில்லை.

அந்த ஏழு மாதத்தில் நான் போகாத இடமில்லை. தூக்க மருத்துவர் மெஷின் ரிப்போர்ட்டைப் பார்த்து, "நாலு மணி நேரம்கூடப் போடலையே" என்று கண்டித்தார். மெஷின் கடைக்காரர் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கை விற்றார். ஈஎன்டி டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். "மூக்குக்கு என்ன போடுறீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அதையெல்லாம் மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்க வேண்டியது அவர்கள் வேலை. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

வீட்டில் வற்புறுத்தியதால் ஆபரேஷனுக்கு முன் இன்னொரு ஈஎன்டி அம்மாவிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே அந்தக் கேள்வியைத்தான். ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டு மருந்தை நிறுத்தி, மோமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தார். அந்தப் பக்கம் திறந்த பிறகு மறுபக்கம். முதல் வாரம் படாத பாடு பட்டேன். மூன்றாவது வாரம் மாஸ்க்கோடு விடியும்வரை தூங்கினேன். தண்டு இன்னும் வளைந்துதான் இருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படவில்லை.

சிலருக்கு ஆபரேஷன் நிஜமாகவே வேண்டியிருக்கும். மாஸ்க் போடுவது அதனால் சுலபமாகும். ஆனால் மூக்கை மட்டும் சரிசெய்து ஸ்லீப் ஆப்னியா போய்விடுவது அபூர்வம். மெஷினைத் தூக்கிப் போடலாம் என்ற நம்பிக்கையில் சம்மதிக்காதீர்கள்.

ஸ்ப்ரேயை மூன்றே நாளில் விடுவது

ஸ்டீராய்டு ஸ்ப்ரே சொட்டு மருந்து மாதிரி உடனே கேட்காது. ஒன்றிரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். முனையை நடுத்தண்டின் பக்கம் காட்டாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். இல்லையென்றால் ரத்தம் கசியும்.

மூக்கைக் கழுவக் குழாய்த் தண்ணீர்

கூடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீர், அல்லது டிஸ்டில்ட் வாட்டர்.

ஹியூமிடிஃபையரை அணைத்து வைப்பது

மெஷின் காற்றில் ஈரம் சேர்க்கும் பகுதி இது. "நம்ம ஊர் புழுக்கத்துக்கு எதுக்கு?" என்பார்கள். ஏசி அறையில் காற்று வறண்டுவிடும். தூக்கத்தில் வாய் திறந்தால் மெஷின் காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும்; மூக்கு காய்ந்து வீங்கும். ஹியூமிடிஃபையரைப் போடுங்கள். குழாயில் தண்ணீர் கோத்தால் ஈரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

டாக்டரிடம் வெறுங்கையோடு போவது

மெஷினின் பதிவுகள் இருக்கும் கார்டு, போடும் எல்லா மருந்துகள், எந்தப் பக்கம் எப்போது அடைக்கிறது என்ற குறிப்பு, மூன்றும் கையில் இருக்கட்டும். மாஸ்க்கை மாற்றச் சொன்னால், "முதல்ல மூக்குக்குள்ள பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம்.

வியாழக்கிழமை அந்த அண்ணனை ஈஎன்டி அம்மாவிடம் கூட்டிப்போகிறேன். சொட்டு மருந்து பாட்டிலையும் பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.