கணினியில் சீன எழுத்தும் தொனிக்குறியுடன் பின்யினும்: தட்டச்சு செய்யும் முறை

சீனம் தட்டச்சு செய்யத் தனி விசைப்பலகை வாங்க வேண்டியதில்லை. சீனாவில் பெரும்பாலானோர் தட்டுவதும் உங்கள் மேசையில் உள்ள அதே க்வெர்ட்டி பலகையில்தான். சொல்லின் ஒலியைப் பின்யினில், அதாவது 1958இல் சீன அரசு ஏற்ற ரோமன் எழுத்து முறையில் தட்டினால், அந்த ஒலிக்குரிய எழுத்துகள் ஒரு பட்டியலாக வரும். அதில் வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழைப் பெறுபவர்களுக்கு முதல் பாதி பழகியதுதான், புதியது அந்தத் தேர்வு மட்டுமே. தலைக்கு மேல் தொனிக்குறி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, போட்ட பின்யினையே எழுத்தாகப் பெறுவது வேறு வேலை. அதற்கு வேறு கருவி வேண்டும், பின்னால் வருகிறது.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய், ஆட் எ லாங்குவேஜ் பட்டனை அழுத்திச் சீனா நாட்டின் சிம்ப்ளிஃபைட் சைனீஸைச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் பின்யின் கூடவே வந்துவிடும். நிறுவும்போது அதையே திரை மொழியாக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்த முறை உள்நுழையும்போது மெனு முழுக்கச் சீனத்தில் நிற்கும், திரும்பி வர வழி தேடுவது பெரும்பாடு. மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். பின்யினுக்குள் இருந்தபடியே நடுவில் ஆங்கிலம் தட்ட, ஷிஃப்ட்டைத் தனியாக ஒருமுறை தட்டினால் போதும். பணிப்பட்டையில், பெட்டியின் நடுவே ஒரு நெடுங்கோடு போனது போன்ற எழுத்து இருந்தால் சீனம் ஓடுகிறது என்று பொருள்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ் வழியாகப் பின்யின் சிம்ப்ளிஃபைடைச் சேர்க்கலாம். உபுண்டுவில் ஐபஸ்-லிப்பின்யின் பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே உள்ளீட்டுப் பட்டியலில் அது தென்படும். பலர் இந்த இடத்தில்தான் நிறுவல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி தொடங்குகிறார்கள்.

இனி முக்கியமானது. ஒவ்வோர் அசைக்கும் ஸ்பேஸ் தட்டாதீர்கள். எம்-ஏ என்று மட்டும் தட்டினால் கேள்வி விகுதி, அம்மா, குதிரை எல்லாம் பட்டியலில் போட்டியிடும். "நான் பெய்ஜிங் போகிறேன்" என்பதற்கு டபிள்யூ-ஓ, கியூ-யூ, பி-இ-ஐ, ஜே-ஐ-என்-ஜி என்று இடைவெளியில்லாமல் ஓட்டமாகத் தட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டுங்கள். சுற்றிலும் உள்ள சொற்களைப் பார்த்து மென்பொருள் சரியான எழுத்தை ஊகித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் தவறினால், ஸ்பேஸ் தட்டும் முன் இடது அம்புக்குறியால் அந்த இடத்துக்குப் போய் எண் விசையால் திருத்தலாம். என்டர் தட்டினால் எழுத்து வராது, நீங்கள் தட்டிய ரோமன் எழுத்துகளே அப்படியே இறங்கும். வழக்கமான சொற்களுக்கு அசைகளின் முதலெழுத்தே போதும்: என்-எச் என்றாலே "நீ ஹாவ்" வணக்கம் பட்டியலில் வந்துவிடும்.

எழுத்து வரவே இல்லையென்றால் பெரும்பாலும் கோளாறு கணினியில் இல்லை, நீங்கள் தட்டிய பின்யினில் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு முதல் பொறி பி, டி, ஜி வரிசை. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான பின்யினின் பி நம் "பல்"லில் வரும் பகரம்தான், ஆங்கில "பால்" என்னும் பந்தின் முதல் ஒலி அல்ல. காற்று வெடித்து வரும் பகரத்துக்குத்தான் பின்யின் ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தை வைத்திருக்கிறது. ஆகவே காதில் சாதாரணப் பகரம் விழுந்தால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைத் தட்டுங்கள். தகரம், ககரம் இரண்டுக்கும் இதே கணக்கு.

இரண்டாவது, யூவின் மேல் இரண்டு புள்ளி உள்ள உயிர். விசைப்பலகையில் அது இல்லாததால் வி தட்ட வேண்டும்: "பெண்" என்பதற்கு என்-வி, "பச்சை"க்கு எல்-வி. ஆனால் ஜே, கியூ, எக்ஸ், ஒய் ஆகியவற்றுக்குப் பின் ஒலி அதுவாகவே இருந்தாலும் வெறும் யூதான். சீனப் பாஸ்போர்ட்டில் இதே உயிர் ஒய்-யூ என்று அச்சாகும், அதைப் பார்த்து அப்படியே தட்டினால் பலிக்காது. மூன்றாவது, அசை எங்கே பிரிகிறது என்பது. எக்ஸ்-ஐ-ஏ-என் என்பதை ஓரசையாகவும் எடுக்கலாம், ஷிஆன் நகரமாகவும் எடுக்கலாம். நகரம் வேண்டுமானால் ஐக்கும் ஏவுக்கும் இடையில் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டுங்கள். ஜெட்-எச், ஜெட் இரண்டும் குழம்புகிறவர்கள் அமைப்புகளில், நெருங்கிய ஒலிகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் ஃபஸி பின்யினை இயக்கலாம். பட்டியல் நீளும், ஆனால் தேடிய எழுத்து உள்ளே இருக்கும். கற்பவர்கள் இதை நீண்ட நாள் வைத்திருக்காமல் இருப்பது நல்லது.

நிறுத்தக்குறிகள் சீன நிலையில் வேறு. முற்றுப்புள்ளி சிறு வட்டமாகும், பின்சாய்வுக் கோடு விசை, சொற்களை வரிசையாக அடுக்கும்போது இடையில் வரும் பட்டியல் காற்புள்ளியைத் தரும். மின்னஞ்சல் முகவரி ஏற்கப்படவில்லை என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். கன்ட்ரோலும் புள்ளியும் சேர்த்து அழுத்தினால் சாதாரணக் குறிகள் திரும்பும்.

தொனிக்குறிக்கு வருவோம். மேக்கில் ஏபிசி எக்ஸ்டெண்டட் பலகையைச் சேர்த்துக்கொண்டால் வேலை சுலபம்: ஆப்ஷனுடன் ஏ முதல் தொனி, இ இரண்டாவது, வி மூன்றாவது, பேக்டிக் விசை நான்காவது. குறியை முதலில் அழுத்தி உயிரெழுத்தைப் பிறகு தட்ட வேண்டும். விண்டோஸின் யூஎஸ் இன்டர்நேஷனல் பலகையில் இரண்டாம், நான்காம் தொனிக்கு மட்டுமே குறி உண்டு. மற்றவற்றுக்கு வேர்டில் யூனிகோட் எண்ணைத் தட்டி ஆல்ட்-எக்ஸ் அழுத்தலாம். ஏ எழுத்தின் நான்கு தொனிகளுக்கு 0101, 00இ1, 01சிஇ, 00இ0. எண்ணுக்கு முன் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து ஒட்டியிருந்தால் வேர்ட் அதையும் எண்ணின் பகுதியாக எடுத்து வேறெதையோ காட்டும். அப்போது நான்கு இலக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்துங்கள்.

குறியை எந்த உயிரின் மேல் வைப்பது? ஏ அல்லது இ இருந்தால் அதன் மேல். ஓ-யூ என்றால் ஓவின் மேல். மற்ற இடங்களில் கடைசி உயிரின் மேல். மூன்றாம் தொனிக்குக் கூரான வி வடிவக் குறிதான் சரி. வளைந்த கிண்ணம் போன்றது ருமேனிய மொழியின் ஏ, சிறிய எழுத்தில் வேறுபாடு தெரியாமல் போவதால் பல கையேடுகளிலேயே தவறாக இருக்கிறது. தேடலில் சொல் அகப்படாமல் போவதற்கும் இதுவே ஒரு காரணம்.

எழுத்து சரியாக இருந்தும் வடிவம் சற்றே வேறாகத் தெரிந்தால் எழுத்துருவைப் பாருங்கள். "எலும்பு" என்னும் எழுத்தின் மேற்பெட்டிக்குள் உள்ள சிறு மூலை சீன வடிவில் இடப்பக்கம் இருக்கும், ஜப்பானிய வடிவில் வலப்பக்கம். யூனிகோட் எண் இரண்டுக்கும் ஒன்றே. நோட்டோ சான்ஸ் சிஜேகே என்னும் எழுத்துருவில் பெயரின் முடிவில் எஸ்சி உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் சீன வடிவம் கிடைக்கும். ஜேபி என்று முடிவது ஜப்பானுக்கு.